மாலை ஆறரை ஏன் மதியம் ஒரு மணி ஆனது? மொழி விட்டு மொழி போகும் நேரம்

சென்னையில் ஒருவர் 2024 மார்ச் 15 அன்று மாலை 6:30 மணிக்கு ஆன்லைனில் ஒரு ஆர்டர் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சர்வரில் இருப்பது பைதான் என்ற கணினி மொழி. அது டேட்டைம்.நவ்() என்று அந்த நேரத்தை எடுத்து, ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துகளின் தொடராக மாற்றி, ஜேசனில் (கணினி மொழிகள் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் பொது வடிவம்) போட்டு அனுப்புகிறது. பிரவுசரில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் அந்த ஸ்ட்ரிங்கை நியூ டேட்() என்பதற்குள் கொடுத்துத் திரையில் காட்டுகிறது. வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவது மதியம் 1:00.

எந்த வரியும் எர்ரர் தரவில்லை. கோடு எழுதியவரின் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தபோது 6:30 என்று சரியாகத்தான் வந்தது. சர்வரில் ஏற்றிய பிறகுதான் ஐந்தரை மணி நேரம் காணாமல் போனது. டைம்சோன், அதாவது நேர மண்டலம் தொடர்பான பிழைகளின் குணமே அதுதான். எழுதியவர் உட்கார்ந்திருக்கும் ஊரில் அவை தலைகாட்டாது.

கிளவுடில் வாடகைக்கு எடுக்கும் சர்வர்களும் நிரலைப் பொட்டலமாகக் கட்டி ஓட்டும் டாக்கர் கன்டெய்னர்களும் பெரும்பாலும் யூடிசியில்தான் ஓடுகின்றன. யூடிசி என்பது உலகம் முழுவதற்கும் பொதுவாக வைத்துக்கொண்ட அடிப்படை நேரம். இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே போகிறது. சென்னையில் 18:30 ஆனபோது சர்வரின் கடிகாரத்தில் 13:00. ஆகவே பைதான் அனுப்பிய ஸ்ட்ரிங் இப்படி இருந்தது:

2024-03-15 13:00:00

உண்மையில் தேதிக்கும் மணிக்கும் நடுவே டி என்ற ஆங்கில எழுத்து நிற்கும். படிக்க வசதியாக இந்தக் கட்டுரையில் அந்த இடத்தில் இடைவெளி விடுகிறேன். அந்த ஸ்ட்ரிங்கை இன்னொரு முறை பாருங்கள். இது எந்த ஊர் 13:00? அதில் எங்கேயும் இல்லை. விலைச்சீட்டில் 500 என்று மட்டும் எழுதிவிட்டு, ரூபாயா டாலரா என்று எழுதாமல் விட்ட மாதிரி. வாங்குகிறவர் தனக்குப் பழக்கமான நாணயத்தை நினைத்துக்கொள்வார். ஜாவாஸ்கிரிப்டும் அதையேதான் செய்தது. டைம்சோன் குறிப்பில்லாமல் தேதியும் மணியும் சேர்ந்து வந்தால், தான் ஓடும் கணினியின் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்வது அதன் விதி. பிரவுசர் இருப்பது சென்னையில். ஆக, சென்னை மதியம் ஒரு மணி. லேப்டாப்பில் பைதான், பிரவுசர் இரண்டுமே இந்திய நேரத்தில் இருந்ததால் இரண்டு தவறான ஊகங்களும் ஒன்றையொன்று சரிசெய்துகொண்டன.

இந்த இடத்தில் நம் ஊர் டீம்களில் வழக்கமாக ஒரு குரல் கேட்கும்: "ஃப்ரண்ட்எண்டில், அதாவது பிரவுசர் பக்கத்தில், ஐந்தரை மணி நேரம் கூட்டிப் போட்டுவிடலாமே!" தயவுசெய்து வேண்டாம். இன்றைக்குத் திரை சரியாகிவிடும். நாளைக்கு சிங்கப்பூரிலிருந்து ஒருவர் திறந்தால் அவருக்கும் இந்திய நேரம்தான் வரும், அதுவும் இந்திய நேரம் என்ற பெயர் இல்லாமல். ஆறு மாதம் கழித்து வேறொருவர் சர்வர் பக்கத்தை முறைப்படி திருத்துவார். அப்போது கூட்டல் இரண்டு முறை நடந்து, மாலை ஆறரை நள்ளிரவு ஆகிவிடும்.

சரியான வழி, அனுப்பும்போதே ஆஃப்செட்டையும் சேர்த்து அனுப்புவது. ஆஃப்செட் என்றால் யூடிசியிலிருந்து எத்தனை மணி தள்ளி இருக்கிறது என்ற அளவு. பைதானில் வெறும் நவ்() என்பதற்குப் பதிலாக, அடைப்புக்குள் டைம்சோன்.யூடிசி என்று கொடுத்தால் போதும். கிடைப்பது இது:

2024-03-15 13:00:00+00:00

கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன வால்தான் எல்லாம். இப்போது ஊகிக்க இடமே இல்லை. இதே ஸ்ட்ரிங்கை வாங்கும் பிரவுசர் சென்னையில் 18:30 என்றும், சிங்கப்பூரில் 21:00 என்றும், டொரோண்டோவில் காலை 9:00 என்றும் காட்டும். மூன்றும் ஒரே கணம். 18:30:00+05:30 என்று அனுப்பியிருந்தாலும் விடை மாறாது. யூடிசியில்தான் அனுப்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் சர்வர் நடந்ததைக் குறித்துவைக்கும் லாக் ஃபைலைக் கண்ணால் படித்து ஒப்பிடும்போது எல்லாம் ஒரே அளவில் இருந்தால் நிம்மதி என்பதால் நான் யூடிசி பக்கம்.

+00:00 என்பதற்குப் பதிலாக இசட் என்ற ஒற்றை எழுத்தும் வரும். ஜாவாஸ்கிரிப்டும் ஜாவாவும் அப்படி எழுதுவதைப் பார்க்கலாம். அர்த்தம் ஒன்றுதான். ஆனால் ஸ்ட்ரிங்கை நேரமாகப் படிக்கும் பைதானின் ஃப்ரம்ஐசோஃபார்மட், 3.11க்கு முந்தைய பதிப்புகளில் அந்த இசட்டைப் பார்த்தால் எர்ரர் போட்டு நின்றுவிடும். பழைய பைதான் ஓடும் சர்வர் என்றால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பைதானில் இன்னொரு பொறி இருக்கிறது. யூடிசிநவ்() என்று ஒரு ஃபங்ஷன். பெயரைப் பார்த்தால் யூடிசி நேரத்தை டைம்சோனோடு தரும் என்று தோன்றும். தருவது யூடிசியின் எண்களை மட்டும். இது யூடிசி என்ற குறிப்பு அதில் ஒட்டியிருக்காது. அதன்மேல் டைம்ஸ்டாம்ப்() என்று, 1970 தொடக்கத்திலிருந்து ஆன வினாடிகளைக் கேட்டால், பைதான் அந்த எண்களை உள்ளூர் நேரம் என்று நினைத்துக் கணக்குப் போடும். இந்திய நேரத்தில் ஓடும் லேப்டாப்பில் விடை சரியாக 19,800 வினாடி குறைவாக வரும், அதாவது ஐந்தரை மணி நேரம். 2023இல் வந்த 3.12 பதிப்பிலிருந்து இந்த ஃபங்ஷனைத் தவிர்க்கச் சொல்லிப் பைதானே எச்சரிக்கிறது. டைம்சோன் ஒட்டிய நேரத்தையும் ஒட்டாத நேரத்தையும் பெரிது சிறிது பார்க்கச் சொன்னால் பைதான் மறுத்து எர்ரர் தரும். எரிச்சலாக இருந்தாலும் அது நல்ல எர்ரர். டைம்சோனைப் பிடுங்கிப் போட்டு அதை வாயடைக்கும் கோடுகளை நிறையப் பார்க்கலாம்.

ஜாவாவில் இந்த வேறுபாடு டைப்பிலேயே, அதாவது தரவு வகையின் பெயரிலேயே தெரியும். 2014இல் ஜாவா 8 கொண்டுவந்த ஜாவா.டைம் தொகுப்பில் இன்ஸ்டன்ட் என்பது ஒரு கணம். ஆஃப்செட்டேட்டைம் என்பது ஆஃப்செட் ஒட்டிய நேரம். சோன்ட்டேட்டைம் டைம்சோனின் பெயரையும் வைத்திருக்கும். லோக்கல்டேட்டைம் என்பதில் டைம்சோனே கிடையாது. உள்ளூர் நேரம் என்று நினைத்து ஏபிஐயில் (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வாயில்) இதை வைப்பதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்வது. பைதானில் வெறும் நவ்() தருவதும் இதுவும் ஒன்றேதான். சி ஷார்ப்பில் டேட்டைம்ஆஃப்செட் எடுத்தால் இந்தத் தொல்லை குறையும்.

எண்ணாக அனுப்பினால் டைம்சோன் பிரச்சினையே இல்லையே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். 1970 ஜனவரி 1 நள்ளிரவு யூடிசியிலிருந்து எத்தனை வினாடி ஆயிற்று என்ற எண்ணுக்கு ஊர் கிடையாது. ஆனால் வினாடியா மில்லிவினாடியா என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும். பைதான், பிஎச்பி இரண்டும் வினாடியில் எண்ணும். ஜாவாஸ்கிரிப்டும் ஜாவாவின் கரன்ட்டைம்மில்லிஸும் மில்லிவினாடியில். 1700000000 என்பது வினாடிக் கணக்கில் 2023 நவம்பர் 14, யூடிசி 22:13:20. அதே எண்ணை ஜாவாஸ்கிரிப்டிடம் அப்படியே கொடுத்தால் 1970 ஜனவரி 20 என்று சொல்லும். ஜாவா பக்கம் ஜாக்சன் லைப்ரரியின் 2ஆம் வரிசைப் பதிப்புகள், அமைப்பை மாற்றாமல் விட்டால், பழைய டேட் வகையை மில்லிவினாடியாகவும் இன்ஸ்டன்ட்டை வினாடியாகவும் எழுதும். ஒரே ஜேசனுக்குள் இரண்டு புலங்கள், இரண்டு அளவு! திரையில் 1970 ஜனவரி தெரிந்தால் டைம்சோனைத் தேடாதீர்கள். ஆயிரத்தால் பெருக்க மறந்திருக்கிறார்கள்.

இதுவரை பேசியதெல்லாம் நடந்து முடிந்த ஒரு கணத்தைப் பற்றி: ஆர்டர் வந்தது, பணம் போனது, லாகின் ஆனது. எல்லாத் தேதியும் கணம் அல்ல என்பது பிறந்த தேதியில்தான் பளிச்சென்று தெரியும்.

படிவத்தில் ஒருவர் காலண்டரைத் திறந்து 2000 மார்ச் 15 என்று தேர்ந்தெடுக்கிறார். பல காலண்டர் விட்ஜெட்கள் அதை ஜாவாஸ்கிரிப்டின் டேட் ஆப்ஜெக்டாக, அதாவது அந்த நாளின் உள்ளூர் நள்ளிரவாகத் தருகின்றன. அதை ஜேசனாக மாற்றும்போது ஜாவாஸ்கிரிப்ட் தானாகவே யூடிசிக்குப் போய்விடும். சென்னை நள்ளிரவு என்றால் யூடிசியில் முந்தைய நாள் மாலை:

2000-03-14 18:30:00Z

சர்வர் இதன் முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்துத் தேதிப் புலத்தில் போடுகிறது. ஆள் ஒரு நாள் முன்னதாகப் பிறந்துவிட்டார். டேட்டாபேஸ் அட்டவணையில் ஒரு தேதிப் பத்தி முழுக்க 18:30:00 என்று வரிசையாக நின்றால் அது இந்திய நள்ளிரவின் கைரேகை. சிங்கப்பூரில் உட்கார்ந்து நிரப்பினால் இன்றைய தேதிகளுக்கு 16:00 வரும். லண்டனில் குளிர்காலத் தேதிகளுக்கு எதுவும் தெரியாது, ஏனென்றால் அப்போது அங்கே ஆஃப்செட் பூஜ்யம். கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் கோடைத் தேதிகளுக்கு மட்டும் 23:00 என்று முளைக்கும். ஆகவே அங்கே இருக்கும் டெஸ்டர் ஜனவரித் தேதி போட்டுப் பார்த்துவிட்டு "எனக்குச் சரியாகத்தான் வருகிறது" என்றால் அவர் பொய் சொல்லவில்லை.

சரி, 18:30உடன் ஐந்தரை மணி கூட்டி நள்ளிரவாக்கிவிடலாமா? கொழும்பில் பிறந்த ஒருவரை, கொழும்பிலேயே இருந்து படிவம் நிரப்புகிறவரை எடுத்துக்கொள்வோம். இலங்கை இன்று 5:30தான். ஆனால் 1996 மே 25 அன்று கடிகாரத்தை 6:30க்குத் தள்ளினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 26இல் 6:00க்குக் கொண்டுவந்தார்கள். 2006 ஏப்ரல் 15இல்தான் மறுபடி 5:30. இந்த வரலாறெல்லாம் பிரவுசருக்குத் தெரியும். எனவே 2000 மார்ச் 15இல் பிறந்தவருடைய நள்ளிரவு முந்தைய நாள் 18:00 ஆகப் போய்ச் சேரும். அதில் ஐந்தரை மணி கூட்டினால் 23:30, இன்னும் மார்ச் 14தான். 2007இல் பிறந்தவருக்குச் சரியாக வரும் ஒட்டுவேலை, அந்தப் பத்தாண்டுகளில் பிறந்தவர்களுக்கு மட்டும் தப்பாக வரும். கண்டுபிடிக்க முயல்கிறவர் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ளலாம். 1982 தொடங்கும்வரை 7:30இல் இருந்து, பிறகு 8:00க்கு மாறிய சிங்கப்பூரிலும் இதே கதை.

பிறந்த தேதிக்கு மணி கிடையாது, டைம்சோன் கிடையாது. அதை 2000-03-15 என்று பத்து எழுத்தாகவே அனுப்புங்கள். பைதானில் டேட், ஜாவாவில் லோக்கல்டேட் என்ற வகைகள் இதற்காகவே இருக்கின்றன. ஜாவாஸ்கிரிப்டின் பழைய டேட்டில் இதற்கு இணை இல்லை. ஸ்ட்ரிங்காகவே வைத்துக்கொள்வது உத்தமம். ஆசைப்பட்டு நியூ டேட்() உள்ளே போட்டால் அங்கே ஒரு விசித்திரம் காத்திருக்கிறது. மணியோடு வந்த ஸ்ட்ரிங்கை உள்ளூர் நேரமாகப் படிக்கும் அதே ஜாவாஸ்கிரிப்ட், வெறும் தேதியாக வந்தால் யூடிசி நள்ளிரவாகப் படிக்கும். இந்தியாவில் அது காலை 5:30 ஆகிறது, தேதி மாறாததால் யாரும் கவனிப்பதில்லை. நியூயார்க்கில் முந்தைய நாள் மாலை ஆகிவிடுகிறது. தரநிலை எழுதியவர்கள் இரண்டுக்கும் ஒரே விதி வைத்திருக்கலாம். பழைய தளங்கள் உடையும் என்பதால் இப்படியே நின்றுவிட்டது.

மூன்றாவது ஒரு வகை உண்டு, அதுதான் கடினம்: இனிமேல் நடக்கப்போகிற விஷயம். சென்னை டீமும் நியூயார்க் டீமும் வாரா வாரம் நியூயார்க் காலை 9 மணிக்குப் பேசிக்கொள்வது என்று 2024 ஜனவரியில் முடிவாகிறது. அப்போது நியூயார்க்கின் ஆஃப்செட் -05:00; ஆகவே யூடிசி 14:00, சென்னையில் இரவு 7:30. "எல்லாவற்றையும் யூடிசியில் சேமி" என்ற அறிவுரையைக் கேட்டு 14:00 யூடிசி என்று எழுதிவைத்தால், மார்ச் 10இல் அமெரிக்கக் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே போனதும் மீட்டிங் நியூயார்க்கில் காலை 10க்குப் போய்விடும். ஆட்கள் ஒப்புக்கொண்டது 9 மணி. சென்னையில்தான் அது 6:30க்கு நகர வேண்டும்.

ஆஃப்செட்டும் டைம்சோனும் ஒன்றல்ல என்பது இங்கேதான் உறைக்கும். -05:00 என்பது ஒரு கணத்துக்கான வித்தியாசம். அமெரிக்கா/நியூயார்க் என்பது எந்த நாளில் என்ன வித்தியாசம் என்ற விதிகளின் தொகுப்பு. இந்தத் தொகுப்பை உலகம் முழுவதற்கும் சேர்த்து வைத்திருக்கும் தரவுத்தளத்தை ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கினார். 2011 முதல் அது, இணையப் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கும் ஐயானா அமைப்பின் குடையின்கீழ் வருகிறது. நாம் கோடில் எழுதும் ஏசியா/கொல்கத்தா, ஏசியா/கொழும்பு எல்லாம் அங்கிருந்து வரும் பெயர்கள்தாம். இந்தியாவில் இப்போது கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லாததால் நமக்கு +05:30 என்று எழுதினால் போதும் போலத் தோன்றும். அந்தச் சலுகை எல்லா ஊருக்கும் கிடையாது.

அரசுகள் விதியைக் கடைசி நேரத்தில் மாற்றவும் செய்யும். 2023 மார்ச் கடைசியில் லெபனான் அரசு, கோடைக்காலக் கடிகார மாற்றத்தை, அது நடக்கச் சில நாளே இருக்கும்போது தள்ளிவைத்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளிலேயே அந்த முடிவையும் கைவிட்டது. இடைப்பட்ட நாள்களில் ஒரே ஊரில் இரண்டு நேரம் ஓடியது. மொழிகளுக்கு இடையே நேரம் அனுப்புகிறவர் கவனிக்க வேண்டியது இதன் அடுத்த கட்டம். இந்தத் தரவுத்தளத்தின் நகலை ஒவ்வொரு மொழியும் தனித்தனியாக வைத்திருக்கிறது. ஜாவா தன் இயக்கச்சூழலோடு ஒன்று கொண்டுவருகிறது. பைதானின் சோன்இன்ஃபோ இயங்குதளத்தின் நகலைப் படிக்கிறது. பிரவுசருக்கு அதன் சொந்த நகல். புதுப்பிக்காத ஜாவாவும் புதிய பிரவுசரும் ஒரே எதிர்கால நேரத்துக்கு இரண்டு விடை சொல்வது சகஜம்.

ஆகவே எதிர்கால நேரத்தை அனுப்பும்போது சுவர்க் கடிகாரத்தில் தெரிய வேண்டிய மணியையும் டைம்சோன் பெயரையும் ஜேசனில் இரண்டு தனிப் புலங்களாக வையுங்கள். யூடிசி கணத்தையும் வேண்டுமானால் வசதிக்காகச் சேர்க்கலாம். சந்தேகம் வந்தால் முதல் இரண்டுக்கே முன்னுரிமை. ஜாவாவின் சோன்ட்டேட்டைம், டைம்சோன் பெயரைச் சதுர அடைப்புக்குள் ஸ்ட்ரிங்கின் கடைசியில் ஒட்டி எழுதும். 2024இல் ஆர்எஃப்சி 9557 என்ற இணையத் தரநிலை ஆவணம் அந்த வடிவத்தைத் தரப்படுத்தியும் விட்டது. ஆனாலும் பைதானின் ஃப்ரம்ஐசோஃபார்மட்டும் ஜாவாஸ்கிரிப்டின் பழைய டேட்டும் அதைப் படிக்காது. ஜாவாஸ்கிரிப்டின் புதிய நேர வசதியான டெம்போரல் எல்லா இடத்திலும் பரவும்வரை தனிப் புலம்தான் பத்திரம்.

பெயரை முழுதாக எழுதுங்கள், சுருக்கம் வேண்டாம். ஐஎஸ்டி என்றால் நமக்கு இந்திய நேரம், ஜாவாவின் சுருக்கப் பட்டியலிலும் அப்படித்தான். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் இயல்பான பட்டியலில் அது இஸ்ரேல் நேரம், +02:00. யூடிசியில் அமைத்த செஷனில் (டேட்டாபேஸுடனான இணைப்பில்) 18:30 ஐஎஸ்டி என்று கொடுத்தால் மூன்றரை மணி நேரம் தள்ளிப் பதிவாகும். இன்னொன்று: குரோமிடம் பயனரின் டைம்சோன் பெயரைக் கேட்டால் கொல்கத்தா என்பதற்குப் பதிலாக ஏசியா/கல்கத்தா என்ற பழைய பெயர் வரலாம். இரண்டும் ஒரே இடம்தான். ஸ்ட்ரிங்காக ஒப்பிட்டு "வேறு டைம்சோன்" என்று முடிவுகட்டும் கோடு எழுதாமல் இருந்தால் சரி.

போஸ்ட்கிரெஸ் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். அதில் டைம்ஸ்டாம்ப் வித் டைம்சோன் என்று ஒரு வகை இருக்கிறது. அது டைம்சோனைச் சேமிப்பதில்லை! வரும் நேரத்தை யூடிசிக்கு மாற்றி வைத்துக்கொண்டு, கேட்கும்போது செஷனின் டைம்சோனில் தருகிறது. நடந்து முடிந்த கணங்களுக்கு இது கச்சிதம். பயனர் எந்த ஊரிலிருந்து அனுப்பினார் என்பது வேண்டுமென்றால் தனிப் பத்தி வைக்க வேண்டும். மைசீக்வெல் என்ற இன்னொரு டேட்டாபேஸில் டைம்ஸ்டாம்ப் என்பது ஏறக்குறைய இதுபோல, டேட்டைம் என்பது கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும்.

துல்லியத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஜாவா நானோவினாடி வரை வைத்திருக்கும், பைதான் மைக்ரோவினாடி வரை, ஜாவாஸ்கிரிப்டின் டேட் மில்லிவினாடி வரை. பைதானிலிருந்து ஜாவாஸ்கிரிப்டுக்குப் போய்த் திரும்பும் நேரம் கடைசி மூன்று இலக்கத்தை இழந்திருக்கும். "கடைசியாக மாற்றிய நேரம் ஒன்றா" என்று சமம் பார்க்கும் கோடு அங்கே தோற்கும்.

இதையெல்லாம் உங்கள் லேப்டாப்பிலேயே சோதிக்கலாம். லினக்ஸிலும் மேக்கிலும் டிஇசட் என்ற சூழல் மாறியில் (நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பில்) டைம்சோன் பெயரைக் கொடுத்துச் சர்வரை ஓட்டினால் அது அந்த ஊரில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். குரோமின் டெவலப்பர் கருவிகளில் சென்சார்ஸ் பகுதியில் பிரவுசரின் ஊரை மாற்றலாம். சர்வரை நியூயார்க்கிலும் பிரவுசரை வேறு ஊரிலும் வைத்து ஓட்டிப் பாருங்கள். அந்த வேறு ஊருக்கு நான் சிபாரிசு செய்வது காத்மாண்டு, அதன் ஆஃப்செட் 5:45. அங்கே ஆர்டர் நேரம் மணிக்கணக்கில் தப்பினால் எங்கோ ஒரு வால் விடுபட்டிருக்கிறது. சரியாகப் பதினைந்து நிமிடம் மட்டும் தப்பினால், யாரோ 5:30ஐக் கோடுக்குள் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள்.